கைவிடப்பட்ட குதிரையைத் தத்தெடுப்பது: முதல் ஆறு மாதங்களில் செய்ய வேண்டியவையும் செய்யக் கூடாதவையும்

கேள்வி: உடுமலைப்பேட்டை அருகே எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பும் நான்கு மாடுகளும் இருக்கின்றன. நீலகிரியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றித் திரிந்து, பிறகு தெருவில் விடப்பட்ட ஒரு மட்டக்குதிரையை விலங்கு நல அமைப்பு ஒன்று மீட்டு வைத்திருக்கிறது. காயடித்த ஆண், பன்னிரண்டு வயது இருக்கலாம் என்கிறார்கள். எலும்பும் தோலுமாக இருக்கிறது. அதைத் தத்தெடுக்க விரும்புகிறோம். இடத்தில் என்னென்ன ஏற்பாடு வேண்டும், எதைக் கொடுத்து உடம்பைத் தேற்றுவது, பிள்ளைகள் எப்போது அதன்மேல் ஏறலாம், அது எங்களோடு ஒட்டிவிட்டது என்பதை எப்படி அறிவது?

பதில்: கால்நடை மருத்துவராக முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். என் தோட்டத்தில் இப்போது மூன்று குதிரைகள் நிற்கின்றன. மூன்றும் பிறர் வேண்டாமென்று விட்டவை. உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். இப்படிப்பட்ட குதிரைகள் புது இடத்துக்கு வந்து இறப்பது பெரும்பாலும் கவனிப்பாரில்லாமல் அல்ல, முதல் வாரத்தில் ஆசையோடு அள்ளிக் கொடுப்பவர்களால்தான். அதற்குச் செய்ய வேண்டுமென்று நீங்கள் மனத்தில் வைத்திருப்பவற்றில் பாதியை முதல் மாதத்தில் செய்யாமல் இருக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், ஜட்கா இழுத்து ஓய்ந்துபோன ஒரு குதிரையை இரக்கப்பட்டு வாங்கிவந்த ஒருவர் என்னை அழைத்தார். விலா எலும்பை எண்ணிவிடலாம், வாலடியில் இரு பக்கமும் குழி விழுந்திருந்தது. "கொள்ளை வேகவைத்து நன்றாகக் கொடுங்கள், தவிடும் சேருங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரும் ஒரு குறையும் வைக்கவில்லை. நான்காம் நாள் காலையில் அந்தக் குதிரை படுத்த இடத்திலிருந்து எழவில்லை, மாலைக்குள் உயிர் போய்விட்டது. பசியால் செத்தது என்று ஊரே சொன்னது. உண்மையில் அது நான் சொன்ன தீவனத்தால் செத்தது.

நடப்பது இதுதான். நெடுநாள் பட்டினி கிடந்த உடல் தன் கொழுப்பையும் தசையையும் எரித்துப் பிழைத்துக் கொண்டிருக்கும். அந்த நிலையில் மாவுச்சத்து மிகுந்த தானியம் திடீரென்று உள்ளே போனால் இன்சுலின் மளமளவென்று சுரக்கிறது. அது சர்க்கரையை உயிரணுக்களுக்குள் தள்ளும்போது இரத்தத்தில் மிச்சமிருந்த பாஸ்பரஸ், மெக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றையும் சேர்த்து இழுத்துச் சென்றுவிடுகிறது. அவை இல்லாமல் இதயமும் மூச்சுத் தசைகளும் இயங்க முடியாது. தீவனம் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை இந்த அபாயம் மிகுதி. 'கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும்' என்று குதிரையைப் பற்றி நம்மவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். உங்கள் குதிரையும் கொள்ளுக்கு வாயைத் திறக்கும்தான். முதல் இரண்டு வாரம் நீங்கள்தான் அதைக் கண்ணில் காட்டக் கூடாது.

கொடுக்க வேண்டியது எது என்பதற்குப் பெயரிலேயே விடை இருக்கிறது: லூசர்ன் என்றும் சொல்லப்படும் தீவனப் பயிரான குதிரைமசால். அதில் மாவுச்சத்து குறைவு. புரதமும் மெக்னீசியமும் பாஸ்பரசும் ஓரளவு கூடுதல். பட்டினியிலிருந்து மீளும் குதிரைக்கு இதுவே ஏற்றது என்பதை அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்த ஆய்வுகள் காட்டின. கொங்குப் பகுதியில் குதிரைமசால் பயிரிடுவோர் இருக்கிறார்கள். இப்போதே ஒருவரிடம் பேசி வையுங்கள்.

எவ்வளவு கொடுப்பது என்பதற்குக் குதிரையின் எடை தெரிய வேண்டும். எடைமேடைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை, தையற்காரரின் நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி வரும் அளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். வந்த எண்ணை, தோள் முனையிலிருந்து பிட்டத்து முனைவரை உள்ள நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் கிடைக்கும். நெஞ்சுச் சுற்று 140, நீளம் 132 என்றால் எடை சுமார் 218 கிலோ. அந்த எடைக்கு முதல் மூன்று நாள்கள், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் எழுந்து, உலர்ந்த குதிரைமசால் 220 கிராம் வீதம் ஒரு நாளைக்கு ஆறு வேளை கொடுங்கள். அதற்கு மேல் ஒரு பிடிகூட வேண்டாம். பச்சையாகக் கொடுத்தால் அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் எடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். நான்காம் நாளிலிருந்து அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி வேளைகளைக் குறைத்துக்கொண்டே வந்து, பத்தாம் நாளில் மூன்று வேளையாக மொத்தம் இரண்டே முக்கால் கிலோ உலர்தீவனம் தின்னும்படி செய்யுங்கள். பத்து நாள் தாண்டி, சாணம் ஒழுங்காக விழுந்து, காய்ச்சலும் இல்லையென்றால், வயிறு நிறையும்வரை புல் தின்ன விடலாம். உடம்பு முழுதாகத் தேற மூன்று முதல் ஐந்து மாதம் பிடிக்கும். முதல் மாதத்திலேயே கன்னம் உப்பவில்லையே என்று கவலைப்படாதீர்கள்.

அந்த மூன்று நாள்கள் நெஞ்சைப் பிசையும். தின்று முடித்துவிட்டு, காலித் தொட்டியை மூக்கால் தள்ளித் தள்ளி உங்களையே பார்க்கும். பிள்ளைகள் அழுவார்கள், உங்கள் அம்மா ஒரு கைப்பிடி சோறு எடுத்துக்கொண்டு வருவார். சோறும் வேண்டாம். பாண்டிய நாட்டுக்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து பெரும் விலைக்கு வரவழைத்த குதிரைகளை இங்கே வளர்க்கத் தெரியாமல் சாகவிடுகிறார்கள் என்றும், வேகவைத்த அரிசியோடு இறைச்சியைச் சேர்த்துத் தீவனமாக ஊட்டுகிறார்கள் என்றும் எழுதிவைத்திருக்கிறார். எழுநூறு ஆண்டு கழிந்தும் கல்யாணப் பந்தியில் மிஞ்சிய சோற்றைத் தின்று வயிறு உப்பிய குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மாடு வைத்திருப்பவர்கள் தவறுகிற இடம் இன்னொன்று இருக்கிறது. மாட்டுக்கு ஒத்துக்கொள்வது குதிரைக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைத்துவிடுகிறோம். உங்கள் வரப்பில் பெரும்பாலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ-4 அல்லது கோ-5 கம்பு நேப்பியர் நிற்கும். மாட்டுக்கு அது அருமையான புல். ஆனால் அதில் ஆக்சலேட் என்ற பொருள் மிகுதி, அது புல்லிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடுகிறது. மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடும். குதிரைக்கு அப்படியொரு வயிறு கிடையாது. நொதிப்பு நடக்கும் பெருங்குடல், சுண்ணாம்பை உறிஞ்சும் சிறுகுடலுக்கு அப்பால்தான் இருக்கிறது. மாதக்கணக்கில் நேப்பியரை மட்டும் தின்ற குதிரை தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துச் செலவழிக்கிறது. காரணம் தெரியாத நொண்டலில் தொடங்கி, தாடை எலும்பு இரு பக்கமும் புடைத்து, முகமே பெருத்துப்போகும். இதனோடு கோதுமைத் தவிட்டையோ அரிசித் தவிட்டையோ நாள்தோறும் சேர்த்தால் நிலைமை இன்னும் விரைவாகக் கெடும். தவிட்டில் சுண்ணாம்பைக் காட்டிலும் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், பல மடங்கு என்பதே காரணம். நீலகிரியில் எங்கும் பரவியிருக்கும் கிக்குயூ புல்லிலும் இதே சிக்கல் உண்டு என்பதால், உங்கள் குதிரை ஏற்கெனவே சுண்ணாம்புக் குறையோடு வரக்கூடும். நேப்பியர் கொஞ்சம் கலக்கலாம், அதுவே முழுத் தீவனமாகக் கூடாது. அருகம்புல், வரப்புப் புல், குதிரைமசால் ஆகியவை கலந்திருப்பதே நல்லது.

பச்சைச் சோளத்தட்டைக் குதிரைக்குப் போடவே போடாதீர்கள். இளஞ்சோளத்தில் சயனைடு உண்டாவது உங்களுக்குத் தெரிந்ததே. அதைவிட, தொடர்ந்து தின்ற குதிரைக்குச் சிறுநீர்ப்பை கெட்டு, பின்னங்கால்கள் தள்ளாடும் ஒரு தனி நோய் வருகிறது. வந்தால் பெரும்பாலும் திரும்பாது. வைக்கோல் நஞ்சன்று. ஆனால் அதில் சத்து குறைவு, பல் தேய்ந்த குதிரைக்குக் குடலில் அடைத்துக்கொள்ளும். கோழித் தீவனத்தையும் கடையில் வாங்கும் மாட்டுத் தீவனத்தையும் பூட்டிய அறையில் வையுங்கள். கோழிக்கு இரத்தக் கழிச்சல் வராமலிருக்கச் சேர்க்கும் மொனென்சின் போன்ற மருந்து கோழிக்கு ஒன்றும் செய்யாத அளவிலேயே குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் அமிட்ராஸ் மருந்தும் குதிரைக்கு ஆகாது, குடல் அசைவை நிறுத்திவிடும். மாட்டுக்கு மருந்தடித்த கைத்தெளிப்பானை அப்படியே குதிரைப் பக்கம் திருப்பி, இரண்டு நாள் வயிற்றுவலியோடு போராடிய வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன்.

இனி இடத்தைப் பற்றி. தென்னந்தோப்பு நிழலுக்கு நல்லது. ஆனால் குதிரையின் கண்ணோடு ஒருமுறை சுற்றி வாருங்கள். முள்கம்பி வேலி இருந்தால் அது நிற்கும் பகுதியிலாவது அகற்றிவிடுங்கள். மாடு முள்கம்பியைக் கண்டால் நிற்கும். மிரண்ட குதிரை நிற்காது, கம்பியோடு ஓடித் தசையைக் கிழித்துக்கொள்ளும். கல்தூண் நட்டு மூங்கில் கழி குறுக்கே கட்டலாம், அல்லது பட்டையான வெள்ளை நாடாவில் சூரிய மின்வேலி போடலாம். வெள்ளையாகவும் அகலமாகவும் இருந்தால்தான் அதற்குத் தூரத்திலேயே தெரியும். சுவரில்லாத கிணறு, சொட்டுநீர்க் குழாய் மேலெழும்பிய இடங்கள், காய் விழும் மரத்தடி ஆகியவை கவனத்தில் இருக்கட்டும். தென்னைக்கு வேர் வழியாக மருந்து கொடுக்கும்போது பூச்சிமருந்துப் பையை வேரோடு கட்டிவைப்போம் அல்லவா? குதிரை எதையும் மூக்கால் தொட்டு, வாயால் கவ்வித்தான் தெரிந்துகொள்ளும். மருந்து கட்டிய மரங்கள் இருக்கும் பக்கம் அதைக் கொஞ்ச காலத்துக்கு விடவே கூடாது. வேலியோரம் அரளி நின்றால் வேரோடு பிடுங்குங்கள். சில இலைகளே ஒரு குதிரைக்குப் போதும், காய்ந்த இலையிலும் நஞ்சு குறையாது. உண்ணிச்செடி, ஆமணக்கு ஆகியவையும் போகட்டும்.

கொட்டகைக்குப் பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி போதும், ஆனால் கூரை உயரமாக வேண்டும். திடுக்கிட்டால் குதிரை தலையை மேலே தூக்கும், மாட்டுக் கொட்டகையின் தாழ்ந்த சட்டத்தில் அப்போது மண்டை இடிக்கும். வழவழப்பான சிமெண்டுத் தரையில் எழும்போது சறுக்கும் என்பதால் ரப்பர் விரிப்போ தென்னைநார்க் கழிவோ பரப்புங்கள். தீவனத்தை மணலில் போடாதீர்கள், புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலில் படியும். தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். இந்த அளவுக் குதிரை சாதாரண நாளில் பதினைந்து இருபது லிட்டர் குடிக்கும், பங்குனி சித்திரையில் முப்பதைத் தாண்டும். ஓர் உப்புக்கட்டியும் கட்டித் தொங்கவிடுங்கள். மலைக்குளிரில் வாழ்ந்த குதிரைக்குச் சமவெளி வெயில் புதிது. முதல் மூன்று வாரம் உடம்பு வேர்க்கிறதா என்று பாருங்கள். வெயிலில் மூச்சு வாங்கியும் தோல் உலர்ந்தே இருந்தால் வேர்வைச் சுரப்பு நின்றுபோகும் கோளாறாக இருக்கலாம். நிழலும் குளிர்ந்த நீரும் கொடுத்து, மருத்துவரை அழையுங்கள். முடியுமானால் ஐப்பசிக்கும் தை மாதத்துக்கும் இடையில் கொண்டுவருவது நல்லது.

குதிரை வண்டியில் ஏறுவதற்கு முன் காகிதங்கள் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். முதலாவது கிளாண்டர்ஸ் நோய்க்கான இரத்தப் பரிசோதனை. இது மனிதருக்கும் தொற்றும். 2009ஆம் ஆண்டின் விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். இதற்குச் சிகிச்சை கிடையாது, நோய் உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வார்கள். அரசு கால்நடை மருத்துவர் வழியாக மாதிரியை அனுப்பலாம். ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இந்த நோயின் பரிசோதனைக்கு நாட்டின் முதன்மையான இடம். முடிவு வரும்வரை தோட்டத்துக்குள் அழைக்காதீர்கள். இதில் மட்டும் இரக்கத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம், உங்கள் பிள்ளைகள் அதைத் தொடப்போகிறார்கள். இரண்டாவது, உரிமை. போலீஸ் வழக்கில் பறிமுதலான விலங்காக இருந்தால், வழக்கு முடியும்வரை அது வழக்குச் சொத்து. உங்களுக்குக் கிடைப்பது பராமரிப்புப் பொறுப்பே தவிர உரிமை அன்று. அமைப்பினரிடம் இதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மூன்றாவது, பயணத்துக்குத் தகுதியானது என்ற மருத்துவச் சான்று. 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள் அதைக் கேட்கின்றன.

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா' என்பார்கள். மாட்டுக்கு அது பொருந்தட்டும். இந்தக் குதிரையின் பல்லைக் கட்டாயம் பாருங்கள், அதாவது மருத்துவரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குதிரைப் பல் வாழ்நாள் முழுவதும் தேயத் தேய ஈறுக்கு வெளியே வந்துகொண்டே இருக்கும். சீராகத் தேயாவிட்டால் ஓரங்கள் கூர்மையாகிக் கன்னத்தையும் நாக்கையும் அறுக்கும். மென்ற புல்லை உருண்டையாகக் கீழே துப்பினால் அதுதான் காரணம். பல ஆண்டு கவனிக்காத வாயை அரம் போட்டுச் சமன்செய்தாலே பாதிக் குதிரைகள் தேறிவிடுகின்றன. ஆனால் சந்தையில் வாங்குபவர்கள் பல்லைவிடச் சுழியைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில், கட்டுறுதியான குதிரை ஒன்று கெட்ட சுழி என்று விலை போகாமல் நின்றதை நான் கண்டிருக்கிறேன். உங்களிடமும் யாராவது வந்து சுழி சரியில்லை என்பார்கள். சுழி என்பது மயிர் வளர்ந்த திசை, அவ்வளவுதான்.

வந்தபின் முதல் ஒரு மாதம் மாடுகளோடு சேர்க்காமல், அவற்றைப் பார்க்கும் தூரத்தில் தனியே வையுங்கள். வாளி, கயிறு, தேய்ப்புத் தூரிகை எல்லாம் தனி. அந்த மாதத்துக்குள் வில்வாதத் (டெட்டனஸ்) தடுப்பூசி போட வேண்டும். வீட்டு விலங்குகளில் அந்த நோய்க்கு எளிதில் இலக்காவது குதிரைதான். லாடக் காயம் ஒன்றே போதும். நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு தவணை, அதன்பின் ஆண்டுக்கு ஒன்று. தெருநாய் உள்ள ஊரில் வெறிநோய்த் தடுப்பூசியும் ஆண்டுதோறும் தேவை. குடற்புழு மருந்தை வந்த அன்றே ஊற்றிவிட வேண்டாம். மெலிந்த குதிரையின் குடலில் ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே நேரத்தில் செத்தால் அந்த அதிர்ச்சியை அது தாங்காது. சாணத்தைப் பரிசோதித்து முட்டை எண்ணிக்கை பார்த்து, எதை எப்போது கொடுப்பதென்று மருத்துவர் முடிவு செய்யட்டும். தெருவில் திரிந்த குதிரை பிளாஸ்டிக் தின்றிருக்கும் என்பதால் சாணத்தைத் தினமும் எண்ணுங்கள். நல்ல குதிரை நாளைக்கு ஆறு முதல் பத்து முறை போடும். திடீரென்று நின்று, வயிற்றை அடிக்கடி திரும்பிப் பார்த்து, முன்னங்காலால் தரையைப் பறித்தால் விடியும்வரை காத்திராதீர்கள். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. உள்ளே அடைத்துக்கொண்டது வெளியேற அதற்கு வேறு வழியில்லை. அமைதியாக நிற்கும்போது நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியசை ஒட்டி இருக்க வேண்டும். முதல் வாரமே இந்த மூன்றையும் பார்க்கப் பழகுங்கள். லாடம் கட்டுபவர் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து குளம்பைச் சீவ வேண்டும். வேலை செய்யாத குதிரைக்கு லாடமே தேவையில்லை.

வந்து இறங்கும் நாளைப் பற்றிச் சொல்கிறேன். ஊரைக் கூட்டாதீர்கள், மாலையும் கற்பூரமும் வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியைத் திறந்து மூன்று ஏக்கருக்குள் விட்டுவிடாமல், நாற்பதடிக்கு நாற்பதடி அடைப்பில் விடுங்கள். தண்ணீர் எங்கே, வேலி எங்கே என்று கயிற்றில் பிடித்து ஒரு சுற்று காட்டிவிட்டு, கயிற்றைக் கழற்றிவிட்டு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். குதிரைக்கு ஏறக்குறைய முழு வட்டமும் கண்ணுக்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும் வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சமும்தான் தெரியாத இடங்கள். நாம் ஆசையோடு நேராகப் போய் மூக்கைத் தடவ நினைப்பதும், பின்னால் வந்து தட்டிக்கொடுப்பதும் அந்த இரண்டு இடங்களில்தான். பக்கவாட்டில், தோளை நோக்கி, பேசிக்கொண்டே போங்கள்.

என் இரண்டாவது குதிரையான செம்பழுப்பு மட்டம் வந்தபோது நான் செய்தது இவ்வளவுதான்: நாள்தோறும் மாலையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அடைப்புக்குள் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன். நாலைந்து நாள் அது எதிர்மூலையில் எனக்கு முதுகு காட்டி நின்றது. ஆனால் ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தது. தாளைப் புரட்டும் சத்தத்துக்கு அந்தக் காது துடிக்கும். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, தலையைத் தாழ்த்தி, உதட்டை நக்கி, ஒரு கொட்டாவி விட்டது. அதற்கு அடுத்த வாரம் பின்னாலிருந்து வெதுவெதுப்பான மூச்சு என் பிடரியில் பட்டது. நான் திரும்பவில்லை. அன்று கையை நீட்டியிருந்தால் இன்னொரு வாரம் போயிருக்கும். பிடரிமயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில்தான் குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துவிடும். அங்கே சொறியும்போது நாடித்துடிப்பே குறைகிறது. முதல் தொடுகை அங்கேயே இருக்கட்டும். கையில் வைத்துத் தின்னக் கொடுத்துப் பழக்காதீர்கள், கையைத் தேடிக் கடிக்கும் பழக்கம் அப்படித்தான் வருகிறது.

இப்போது பலரும் சொல்லாத ஒன்று. வந்தபோது உங்கள் குதிரை தங்கமாக இருக்கும். பிள்ளைகள் காலுக்கிடையில் புகுந்தாலும் அசையாது. அது சாதுவான குணம் அன்று, எதிர்க்கத் தெம்பு இல்லாத சோர்வு. இரண்டு மூன்று மாதத்தில் உடம்பில் சதை பிடித்ததும் ஒருநாள் காதைப் பின்னால் மடக்கும், குளம்பைப் பிடித்தால் உதறும், கயிற்றை உயர்த்தினால் பின்னங்காலில் எழும். "தேற்றிவிட்டோம், நன்றி கெட்டுவிட்டது" என்று சொல்லி அந்தக் கட்டத்தில்தான் பலர் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இப்போதுதான் அதன் உண்மையான குணத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள். சேணம் உரசிய பழைய புண்ணின் தழும்பு எங்கே, கம்பு ஓங்கினால் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று குறித்துவைத்துக்கொண்டு, ஒன்றொன்றாகப் பழக்குங்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும், சரியாகச் செய்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். முடியாதபோது பழக்குபவர் ஒருவரை அழைப்பதில் வெட்கம் இல்லை. அடித்துப் பழக்குகிறேன் என்று சொல்பவரை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

துணையைப் பற்றியும் யோசியுங்கள். குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. இன்னொரு குதிரை இருப்பதே உத்தமம், கழுதையும் ஏற்கத்தக்கது. தனிமைக் காலம் முடிந்ததும் ஒரு வெள்ளாடு கிடைத்தாலும் போதும், என் கிழக்குதிரை ஒன்று ஓர் ஆட்டை விட்டுவிட்டு மேயாது. மாடுகள் பக்கத்தில் இருப்பது ஒன்றுமில்லாததற்கு மேல். ஆனால் கொம்புள்ள மாட்டோடு ஒரே தொட்டியில் தீவனம் வைக்காதீர்கள்.

பிள்ளைகள் ஏறுவதற்கு ஆறு மாதம் காத்திருங்கள். முதுகுத்தண்டின் இரு பக்கமும் சதை நிரம்பி, மருத்துவர் முதுகையும் கால் மூட்டுகளையும் சோதித்து, வாய்ப்புண் இல்லையென்று சொன்னபின் தொடங்கலாம். சேணத்தோடு சேர்த்துச் சுமை குதிரையின் எடையில் ஐந்திலொரு பங்கைத் தாண்டக் கூடாது. தேறியபின் 280 கிலோ என்றால் 56 கிலோ. அதாவது நீங்களோ உங்கள் கணவரோ ஒருபோதும் ஏற முடியாது, பிள்ளைகளும் சில ஆண்டுகள்தான் ஏறலாம். குதிரையோ இருபத்தைந்து முப்பது வயதுவரை வாழும். பிள்ளைகள் கல்லூரிக்குப் போனபின்னும் உங்கள் தோப்பில் வெறுமனே நின்று புல் தின்னப்போகிற ஒரு விலங்கு இது. அதற்குச் சம்மதம் இருந்தால் மட்டும் தத்துப் பத்திரத்தில் கையெழுத்திடுங்கள்.

ஒட்டிவிட்டதா என்று எப்படி அறிவது என்றும் கேட்டிருந்தீர்கள். கூப்பிட்டால் வருவதும் கனைப்பதும் தீவனத்துக்காகவும் இருக்கலாம், அவற்றை நான் கணக்கில் எடுப்பதில்லை. குதிரை நின்றுகொண்டே கண்ணயர்ந்துவிடும், ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். படுத்தால் ஓடித் தப்ப நேரமாகும் என்பதால், அஞ்சும் இடத்தில் அது நாள்கணக்கில் படுக்காமலே நிற்கும், சில சமயம் தூக்கத்தில் முழங்கால் மடங்கித் தடுமாறும். அதனால் காலையில் கொட்டகைக்குப் போனதும் முதலில் அதன் விலாப்புறத்தைப் பாருங்கள். இரண்டாம் வாரமோ இரண்டாம் மாதமோ, ஒருநாள் ஒரு பக்கம் முழுக்கத் தென்னைநார்த் துகள் ஒட்டியிருக்கும், கன்னத்திலும் கொஞ்சம் இருக்கும். அன்றைக்கு அதைத் தேய்த்துத் துடைக்கும் முன், அடைப்பின் படலைத் திறந்து தோப்புக்குள் விடுங்கள்.